திரைக்கதையில் பழுது எங்கே? மூன்று அங்க அமைப்பைக் கொண்டு அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழி

திரைக்கதையைப் படித்தவர் குறை சொல்லும் இடம் ஒன்று, குறை பிறந்த இடம் வேறொன்று. க்ளைமாக்ஸ் எடுபடவில்லை என்று யாராவது சொன்னால், எழுதியவர் க்ளைமாக்ஸையே திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறார். தாமிரபரணிப் பாசனத்தில் கடைமடை வயல் காய்ந்தால் அந்த வயலில் நின்று மண்வெட்டி போட்டுப் பயனில்லை. கால்வாய்க் கரையோடு மேலே நடந்து, தண்ணீர் எந்த மடையில் நின்றுபோனது என்று பார்க்க வேண்டும். திரைக்கதையிலும் அந்த நடையை நடந்தாக வேண்டும்.

பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் கோவில்பட்டியிலும் இருந்துகொண்டு முதல் முழுநீளத் திரைக்கதையை முடித்துவிட்டு, எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நிற்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். குடும்பமும் உறவும் ஊரும் மோதிக்கொள்கிற கதைகளுக்கே இந்த வழிமுறை பொருந்தும். திகில் படத்துக்கும் நகைச்சுவைப் படத்துக்கும் வேறு கணக்குகள் உண்டு.

மூன்று அங்கம் என்றால் என்ன என்பதில் முதலில் தெளிவு வேண்டும். தொடக்கம், நடு, முடிவு உள்ளதே முழுமையான கதை என்று அரிஸ்டாட்டில் சொன்னார். அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர் சித் ஃபீல்டு 1979-இல் அதற்குப் பக்கக் கணக்குக் கொடுத்தார். 120 பக்கத் திரைக்கதையில் முதல் அங்கம் 30 பக்கம், இரண்டாம் அங்கம் 60, மூன்றாம் அங்கம் 30. ஒவ்வோர் அங்கத்திலிருந்தும் அடுத்ததற்குக் கதையைத் தள்ளிவிடும் ஒரு திருப்புமுனை. இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதன் பொருளை இப்படிப் புரிந்துகொண்டால் வேலை நடக்கும்: முதல் அங்கத்தின் முடிவில் முதன்மைப் பாத்திரம் திரும்ப முடியாத ஒரு முடிவை எடுக்கிறது. இரண்டாம் அங்கம் முழுக்க அந்த முடிவுக்கு விலை கொடுக்கிறது. விலை எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகு, மூன்றாம் அங்கத்தில் இரண்டாவது முடிவை எடுக்கிறது. இந்த இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று பேசவில்லை என்றால் பக்கக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் படம் நிற்காது.

விளக்குவதற்கு ஒரு மாதிரிக் கதையை வைத்துக்கொள்வோம். பத்தமடையில் பாய் நெய்யும் பாத்திமா, கணவனை இழந்தவள். வளைகுடாவிலிருந்து திரும்பிய தம்பி காதர், வாப்பா விட்டுப்போன வீட்டை விற்க வேண்டும் என்கிறான். அந்த வீட்டுக் கூடத்தில்தான் அவளுடைய தறி கிடக்கிறது. உம்மா முன்பே காலமாகிவிட்டாள். இஸ்லாமிய வாரிசுரிமைப்படி மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. ஆகவே வீட்டில் மூன்றில் இரண்டு காதருக்கு, ஒன்று பாத்திமாவுக்கு. அவள் கையெழுத்தில்லாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. பத்திரப்பதிவு அலுவலகம் வரை வந்தவள் கையெழுத்துப் போட மறுத்துத் திரும்பிவிடுகிறாள். காதர் பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறான். வழக்கு இழுக்கிறது. வீட்டை வாங்க வந்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். அந்தப் பணத்தை நம்பி நிச்சயித்த காதரின் மகள் கல்யாணம் நின்றுபோகும் நிலை வருகிறது. பாத்திமா மறுபடி அதே அலுவலகத்துக்குப் போகிறாள்.

சோதனையைத் தொடங்கும் முன்

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கை அப்படியே நம்பாதீர்கள். அது ஆங்கிலத் திரைக்கதையின் அச்சு வடிவத்துக்கு உருவான கணக்கு. நம்மில் பலர் இடப்பக்கம் காட்சியையும் வலப்பக்கம் வசனத்தையும் எழுதுகிறோம். எழுத்துரு அளவும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. 'பாடல்' என்று ஒரு வரியில் எழுதிப் போவது திரையில் நாலைந்து நிமிடம் ஓடுகிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நடிப்பவர் எடுக்கும் நேரத்தை எடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் நிமிடத்தைக் குறியுங்கள். பிறகு காட்சிக்கு ஓர் அட்டை என்று எடுத்து, அதில் நடப்பதை ஒரே வாக்கியமாக எழுதி, சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். உதவி இயக்குநர்கள் சீன் ஆர்டர் என்று சொல்வது இதைத்தான். அட்டையில் ஒரு வாக்கியம்கூட எழுத முடியாத காட்சிகள் அப்போதே தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: அரை மணி நேரம் ஆகியும் கதை தொடங்கவில்லை

முதலில் ஒன்றைத் தேடுங்கள்: உங்கள் முதன்மைப் பாத்திரம் திரும்ப முடியாத காரியம் ஒன்றை எத்தனையாவது நிமிடத்தில் செய்கிறது? படம் 140 நிமிடம் என்றால் அது 35-ஆவது நிமிடத்தை ஒட்டி இருக்க வேண்டும். தேடும்போது ஒரு குழப்பம் வரும். கதையைத் தூண்டிவிடும் நிகழ்வை முதல் திருப்புமுனை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். காதர் பெட்டியோடு வந்து இறங்குவதும், வீட்டை விற்கலாம் என்று சொல்வதும் தூண்டும் நிகழ்வுகள். அவை பாத்திமாவுக்கு நேர்பவை. அவள் தானாகச் செய்வது மறுப்பு ஒன்றுதான். காதர் வாய் திறப்பதே 35-ஆவது நிமிடத்தில் என்றால், அதற்கு முந்தைய அரை மணி நேரமும் அறிமுகமாகவே கழிந்திருக்கிறது. அவன் வரவைப் பத்தாவது நிமிடத்துக்குள் இழுத்துவிடுங்கள். வாப்பா எப்படிப்பட்டவர், கணவன் எப்படி இறந்தான் என்பதெல்லாம் காத்திருக்கட்டும்.

நம் பகுதியில் எழுதுபவர்களிடம் இந்தப் பழுது வருவதற்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு, ஊர்ப்பாசம். சுலோச்சனா முதலியார் பாலம், நெல்லையப்பர் கோபுரம், வயலுக்கு அப்பால் மலை, படித்துறையில் குளிப்பவர்கள் என்று பத்து நிமிடம் போய்விடும். வில்லுப்பாட்டில் காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டு வளம் எல்லாம் பாடிவிட்டுத்தான் கதைக்குள் போவார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் இரவு முழுக்க உட்கார வந்தவர்களுக்கு அது பொருத்தமான வரிசை. தியேட்டரில் இருப்பவரிடம் அவ்வளவு இரவு இல்லை.

அதற்காக ஊரை வெட்டி எறியச் சொல்லவில்லை. ஊர் இல்லாத நெல்லைப் படம் எதற்கு? ஊருக்கு ஒரு வேலை கொடுங்கள். சன்னமாகக் கிழித்த கோரையை ஓடுகிற தண்ணீரில் ஊறப் போட பாத்திமா ஆற்றுக்கு வருகிறாள். கோரைக் கட்டு ஓட்டத்தோடு போய்விடாமல் கல் வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போது, கரையில் நின்றபடி காதர் வீட்டுப் பேச்சை எடுக்கிறான். கட்டிலிருந்து கையை எடுக்க முடியாததால் அவள் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறும் வந்துவிட்டது, தொழிலும் வந்துவிட்டது, கதையும் தொடங்கிவிட்டது.

அறிகுறி: இடைவேளை வரை நன்றாகப் போகிறது, அதற்குப் பிறகு சரிகிறது

நான் படிக்கக் கிடைக்கும் திரைக்கதைகளில் அதிகம் கண்ணில் படும் பழுது இது. மூன்று அங்கக் கணக்கு இடைவேளை இல்லாத படங்களைப் பார்த்து எழுதப்பட்டது. நம் படத்துக்கு இடைவேளை உண்டு. இரண்டையும் பொருத்திப் பார்த்தால், இடைவேளை இரண்டாம் அங்கத்தின் நடுவில் விழுகிறது. 140 நிமிடப் படத்தில் முதல் அங்கம் 35-இல் முடியும், இடைவேளை 70-இல், இரண்டாம் அங்கம் 105-ஐ ஒட்டி முடியும். இந்தப் பொருத்தத்தைத் தவறவிடுவதில் மூன்று வகை உண்டு.

ஒன்று, முதல் திருப்புமுனையை இடைவேளைக்குத் தள்ளிவிடுவது. பாத்திமா மறுக்கும் காட்சி 70-ஆவது நிமிடத்தில் வருகிறது. முன்பாதி முழுக்கத் தயக்கம், பின்பாதி முழுக்க அவசரம். இதைத் திருத்துவது எளிது. மறுப்பை முன்னால் கொண்டுவந்துவிட்டால், இடைவேளைக்குப் புதிதாக ஒன்றை யோசித்தே தீர வேண்டியிருக்கும்.

இரண்டு, இதற்கு நேர்மாறானது. இரண்டாம் அங்கத்தின் முடிவில் வர வேண்டிய வீழ்ச்சியை இடைவேளையிலேயே செலவழித்துவிடுவது. முன்பணம் போயிற்று, கல்யாணம் நின்றது, உறவு முறிந்தது, இடைவேளை. பார்ப்பவர் அதிர்ந்துபோய் எழுந்து போகிறார். பின்பாதியில் நடப்பதற்கு எதுவும் மிச்சமில்லாததால் எழுத்தாளர் 25 நிமிட பிளாஷ்பேக்கைக் கொண்டுவந்து வைக்கிறார். பின்பாதியின் தொடக்கத்தில் நீண்ட பிளாஷ்பேக் தென்பட்டால் அந்தப் பிளாஷ்பேக்கைச் செதுக்கிக்கொண்டிருக்க வேண்டாம். இடைவேளையில் எதையெல்லாம் கொட்டிவிட்டீர்கள் என்று பாருங்கள்.

மூன்று, சத்தம் மட்டும் உள்ள இடைவேளை. கன்னத்தில் ஓர் அறை, ஒரு சவால், கோர்ட் நோட்டீஸ், இசை உயர்கிறது. ஆனால் கதையில் எதுவும் மாறவில்லை. இதைக் கண்டுபிடிக்க, தியேட்டருக்கு வெளியே டீ குடிக்கும் பார்வையாளர் மனத்தில் இருக்கும் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 35-ஆவது நிமிடத்தில் அவருக்கு இருந்த கேள்வியையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றே என்றால் உங்கள் இடைவேளை காலியாக இருக்கிறது.

மாதிரிக் கதையில் 35-ஆவது நிமிடத்தின் கேள்வி, 'வீடு தப்புமா?' இடைவேளையில் அது வேறாக வேண்டும். வழக்கறிஞர் பழைய ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்கிறார். பாத்திமா வாப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறக்கிறாள். பத்திரங்களுக்கு அடியில் ஒரு வங்கிப் பாஸ்புக். தன் கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்த அதே வாரத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு தொகை வந்திருக்கிறது. மறுநாளே எடுக்கப்பட்டிருக்கிறது. மாப்பிள்ளையின் சிகிச்சைக்கு வாப்பா தன் கைப்பணத்தைக் கொடுத்தார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். கஷ்டகாலத்தில் தம்பி எட்டிப் பார்க்கவில்லை என்ற கோபத்தின் மேல்தான் பத்திர அலுவலகத்தில் மறுத்தாள். யாரும் எதுவும் பேச வேண்டாம். அவள் விரல் அந்தத் தேதியின் மேல் நிற்கட்டும். கேள்வி மாறிவிட்டது: 'இதைத் தெரிந்துகொண்ட பிறகு இவள் எந்த முகத்தோடு வழக்கு நடத்தப்போகிறாள்?'

இந்த உண்மை எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள். அவள் மறுத்தாள், அதனால் வழக்கு வந்தது, வழக்குக்காகப் பெட்டியைத் திறந்தாள். தன் முடிவுதான் அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இதே உண்மையைக் காதர் கோபத்தில் வசனமாகக் கொட்டினாலோ, பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து சொன்னாலோ தகவல் போய்ச் சேரும், அடி விழாது.

அறிகுறி: நடுப்பகுதிக் காட்சிகளை இடம் மாற்றினாலும் வித்தியாசம் தெரியவில்லை

சுவரில் ஒட்டிய அட்டைகளுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாக வைத்துப் படியுங்கள். இரண்டு அட்டைகளுக்கிடையே 'அதனால்' அல்லது 'ஆனாலும்' பொருந்தினால் அந்த இணைப்பு உறுதியானது. 'பிறகு' என்ற சொல் மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அங்கே காரணம் அறுந்திருக்கிறது. ஜமாஅத்தில் பேச்சுவார்த்தை நடக்கிறது, பிறகு பாத்திமாவுக்குக் கண்வலி, பிறகு காதர் பழைய நண்பனைச் சந்திக்கிறான், பிறகு ஒரு பாடல். ஒவ்வொன்றும் தனியாக அழகாக இருக்கலாம். தொய்வுக்குக் காரணம் வேகக் குறைவு என்று எண்ணி இவற்றைச் சுருக்குவார்கள். சுருக்கிய பிறகும் தொய்வு அப்படியே இருக்கும்.

எதிராளிக்குத் திட்டம் இல்லாததே பெரும்பாலும் வேர். நாடகப் படத்தின் எதிராளி கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. அவனுக்கு ஒரு தேவையும் கெடுவும் இருந்தால் போதும். முழுக் கதையையும் காதரின் பக்கத்திலிருந்து ஒரு பக்கத்துக்கு எழுதிப் பாருங்கள். அவன் வேலை போன கதையை வீட்டில் சொல்லவில்லை. மகளின் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. முன்பணத்தில் பாதி கடனுக்குப் போய்விட்டது. ஆகவே வழக்கு நடக்கும்போதே அவன் சும்மா இருக்க முடியாது. தன் பங்கை மட்டுமாவது விற்க ஆள் தேடுவான். கூடத்தின் நடுவே சுவர் எழுப்ப அளவு எடுக்க வருவான். அந்தச் சுவர் சரியாகத் தறியின் மேல் விழும். இப்போது பாத்திமா ஏதாவது செய்தே ஆக வேண்டும். நடுப்பகுதி தானாக நடக்கத் தொடங்குகிறது.

முதன்மைப் பாத்திரம் இல்லாத காட்சிகளையும் அட்டையில் எண்ணிப் பாருங்கள். அதிகமாக இருந்தால் யாருடைய கதை என்பதை நீங்களே இன்னும் தீர்மானிக்கவில்லை. காதரின் கதையே உங்களை இழுக்கிறது என்றால் தயங்காமல் அவனை நடுவில் வைத்துத் திரும்ப எழுதுங்கள்.

அறிகுறி: க்ளைமாக்ஸ் பெரிதாக இருக்கிறது, மனத்தைத் தொடவில்லை

க்ளைமாக்ஸ் பக்கங்களை மூடிவையுங்கள். முதல் அங்கத்தின் முடிவை எடுத்துப் படியுங்கள். அங்கே எழுப்பிய கேள்வி எது, க்ளைமாக்ஸ் பதில் சொல்லும் கேள்வி எது? முதல் அங்கம் 'தம்பியை நம்பலாமா?' என்று கேட்க, க்ளைமாக்ஸ் 'ரியல் எஸ்டேட்காரனை விரட்டினாளா?' என்பதற்குப் பதில் சொன்னால், எத்தனை பேர் அழுதாலும் பார்ப்பவர் வெளியில்தான் நிற்பார்.

இதை நம் மண்ணின் கதையிலிருந்தே கற்கலாம். பாபநாசம் மலையில், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டனின் கதையைக் கொடைகளில் வில்லுப்பாட்டாகக் கேட்டிருப்பீர்கள். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை அதைப் பதிப்பித்திருக்கிறார். பிராமணனான பட்டன், மாட்டு மந்தைக்குக் காவல் இருக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர் மேலும் காதல் கொள்கிறான். பெண் கேட்கிறான். தகப்பன் நிபந்தனை போடுகிறார்: பூணூலையும் குடுமியையும் அறுத்துவிட்டுச் செருப்புத் தைத்துக் கொண்டுவா. பட்டன் ஒப்புக்கொள்கிறான். அவனுடைய உடன்பிறந்தோர் அவனைக் கல்லால் ஆன அறைக்குள் அடைக்கிறார்கள். தப்பி வந்து சொன்னபடி செய்கிறான். கல்யாணம் நடக்கிறது. அன்றிரவே மந்தையைக் கவர ஆட்கள் வருகிறார்கள். பட்டன் எழுந்து போகிறான், வெல்கிறான், வென்ற பிறகு ஒளிந்திருந்தவன் குத்திக் கொல்கிறான்.

மேலோட்டமாகக் கேட்டால் கடைசிப் பகுதி வேறு கதை போலத் தோன்றும். காதல் கதையில் மாடு திருடுபவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பட்டன் எடுத்த முடிவுக்குள்ளேயே அவர்கள் இருந்தார்கள். வாலப்பகடையின் மருமகனானவுடன் மந்தையும் அவனுடைய பொறுப்பாகிவிட்டது. பழைய பிறப்போடு இருந்திருந்தால் அந்த இரவில் திரும்பிப் படுத்திருக்கலாம். அவன் உண்மையிலேயே மாறினானா, பெண்ணுக்காக வேடம் போட்டானா என்று முதல் அங்கம் கேட்டது. மந்தையைக் காக்க எழுந்தபோது பதில் கிடைத்துவிட்டது. பட்டவராயன் சன்னிதியில் இன்றும் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். மக்கள் நினைவில் வைத்துக்கொண்டது சண்டையை விட, அந்த நிபந்தனையையும் அதை அவன் நிறைவேற்றியதையும்தான்.

இந்த அளவுகோலைப் பாத்திமாவுக்கு வைத்துப் பாருங்கள். முதல் முறை கோபத்தில் மறுத்தாள். இரண்டாம் முறை அதே அலுவலகம், அதே மர பெஞ்சு, அதே மை. இப்போது அவள் போடும் கையெழுத்து தோல்வியாகவும் இருக்கக் கூடாது, தியாகமாகவும் இருக்கக் கூடாது. தறியை எங்கே கொண்டுபோவது என்பதை அவளே தீர்மானித்த பிறகு வரும் கையெழுத்தாக இருக்க வேண்டும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரைச் சேர்த்து நெய்து தருவது பத்தமடை வழக்கம். அவள் கையில் சுருட்டிய பாய் ஒன்று இருக்கட்டும். காதரின் மகள் பெயர் அதில் நெய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பவர் பார்த்தால் போதும். ஆனால் அந்த வழக்கத்தை முதல் அங்கத்திலேயே வேறு யாருடைய பெயரையோ அவள் நெய்யும்போது காட்டியிருக்க வேண்டும். முதல்முறையாக க்ளைமாக்ஸில் காட்டினால் அதை விளக்க ஒரு வசனம் தேவைப்படும், அந்த வசனமே காட்சியைக் கெடுத்துவிடும்.

அறிகுறி: முடிவைத் தற்செயல் தீர்த்துவைக்கிறது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை மீறியது. அந்த வெள்ளத்தைக் கதைக்குள் கொண்டுவர நினைப்பது இயல்பு. கொண்டுவரவும் வேண்டும். எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பழுது பிறக்கிறது. வெள்ளம் மூன்றாம் அங்கத்தில் வந்து வீட்டை இடித்துவிட்டால், கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்ற கேள்வியே கரைந்துபோகும். பாத்திமா முடிவெடுக்க வேண்டிய இடத்தில் ஆறு முடிவெடுத்துவிடுகிறது.

தற்செயல் கதையைத் தொடங்கிவைக்கலாம், சிக்கலை இறுக்கலாம், அவிழ்க்கக் கூடாது. வெள்ளத்தை இரண்டாம் அங்கத்துக்கு நகர்த்துங்கள். சேர்த்துவைத்த கோரையும் பாதி நெய்த பாயும் சேற்றில் போகின்றன. வழக்கில் நிற்கும் அந்த வீட்டின் திண்ணையிலேயே அக்காவும் தம்பியும் ஓர் இரவு ஒதுங்க வேண்டிவருகிறது. இப்போது வெள்ளம் அவளுக்கு இன்னும் கடினமான கேள்வியைக் கொடுத்துவிட்டுப் போகிறது.

அறிகுறி: கதை முடிந்த பிறகும் படம் ஓடுகிறது

மையக் கேள்விக்குப் பதில் கிடைத்த இடத்தைக் குறியுங்கள். அதற்குப் பின்னால் எத்தனை அட்டைகள்? இரண்டுக்கு மேல் இருந்தால், அவற்றில் புதிய கேள்வி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். சிலப்பதிகாரத்தின் 30 காதைகளில் புகார்க் காண்டத்துக்கு 10, மதுரைக் காண்டத்துக்கு 13, வஞ்சிக் காண்டத்துக்கு 7. கண்ணகிக்கு நீதி கிடைத்ததா என்ற கேள்வி மதுரையிலேயே முடிந்துவிடுகிறது. அவளை உலகம் என்னவாக ஏற்றுக்கொள்ளப்போகிறது என்ற வேறு கேள்வி வஞ்சியில் எழுவதால்தான் அந்த ஏழு காதைகளும் நிற்கின்றன. உங்களிடம் அப்படி ஒன்று இல்லையென்றால் கல்யாணப் பந்தியையும் சமாதானப் பேச்சையும் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: பாத்திரங்கள் தங்கள் மனத்தை விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள்

வசனத்தைத் திருத்தி இது சரியாகாது. சூழ்நிலை போதுமான அளவு நெருக்கவில்லை என்பதால்தான் பாத்திரங்கள் பேசிப் பேசி நெருக்கடியை உண்டாக்கப் பார்க்கிறார்கள். மேலே சொன்ன இணைப்புகளைச் சரிசெய்த பிறகு, விளக்க வசனங்களில் பாதி தேவையில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

வட்டாரப் பேச்சையும் இங்கே சொல்லியாக வேண்டும். வரிக்கு வரி 'ஏலே' போட்டால் நெல்லைப் பேச்சு ஆகிவிடாது. உறவுச் சொல் எங்கே வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்பதே கதையைச் சொல்லும். முதல் அங்கத்தில் காதர் வாய்க்கு வாய் 'லாத்தா' (அக்கா) என்கிறான். வழக்குக்குப் பிறகு அவளிடம் பேசும் எந்த வரியிலும் அந்தச் சொல் இல்லை. மூன்றாம் அங்கத்தில் ஒரே ஓர் இடத்தில் அது திரும்ப வருகிறது. அந்த இடத்தில் அவன் மன்னிப்புக் கேட்கும் வசனம் எதுவும் வேண்டியதில்லை.

அறிகுறி: கணக்கெல்லாம் சரி, ஆனால் படத்தில் உயிர் இல்லை

35, 70, 105 எல்லாம் இடத்தில் இருக்கும். காரணங்களும் கோவையாக இருக்கும். இருந்தும் படிப்பவர் கொட்டாவி விடுவார். முதல் முடிவு யாரும் எடுக்கக்கூடிய முடிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கொடுமைக்காரத் தம்பி, அப்பாவி அக்கா என்றால் மறுப்பதில் நாடகம் எதுவும் இல்லை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மதிப்புள்ள ஒன்றை இழக்க வேண்டும் என்ற நிலையில்தான் முடிவுக்கு எடை வருகிறது. கையெழுத்துப் போட்டால் தறிக்கு இடமில்லை, போடாவிட்டால் தூக்கி வளர்த்த தம்பியின் மகளுக்குக் கல்யாணம் இல்லை. இந்த இரண்டாவது இழப்பு அவளுக்கு வலிக்க வேண்டுமென்றால், அந்தப் பெண்ணும் அவளும் சேர்ந்திருக்கும் ஒரு நல்ல காட்சியாவது முதல் அங்கத்தில் இருந்தாக வேண்டும். பல திரைக்கதைகளில் அந்தக் காட்சிதான் எழுதப்படாமல் கிடக்கிறது.

ஒரு தெருவின் ஒரு நாளையோ, பல குடும்பங்களின் கதையையோ சொல்லும் படத்துக்கு இந்த மூன்று அங்கச் சட்டை பொருந்தாமல் போகலாம். அப்போது வலிந்து மாட்ட வேண்டாம்.

திருத்தும் வரிசை

பல அறிகுறிகள் ஒரே திரைக்கதையில் சேர்ந்து தெரிந்தால், முதலில் இரண்டு முடிவுகளையும் இரண்டு வாக்கியங்களாக எழுதிச் சுவரின் இரண்டு ஓரத்தில் ஒட்டுங்கள். அடுத்து முதல் அங்கம். அது நிலைக்காமல் இடைவேளையைத் தொட வேண்டாம். பிறகு இடைவேளை, அதன் பிறகு நடுப்பகுதி இணைப்புகள், கடைசியாக வசனம். வசனத்தை முதலில் திருத்துபவர்கள், பின்னர் வெட்டப்போகும் காட்சிகளுக்காக வாரக்கணக்கில் உழைக்கிறார்கள். நன்றாக எழுதிய வசனத்தை வெட்ட மனம் வராததால் பழுதான காட்சியையும் சேர்த்துக் காப்பாற்றிவிடுகிறார்கள்.

திருத்திய படியை முன்பு படித்தவரிடமே கொடுக்காதீர்கள். பழைய கதை அவர் மனத்தில் இருப்பதால் விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொள்வார். புதியவர் ஒருவரிடம் பென்சிலோடு கொடுங்கள். அபிப்பிராயம் கேட்க வேண்டாம். படிப்பதை எங்கெல்லாம் நிறுத்திவிட்டு எழுந்து போனாரோ அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடு விழுந்த காட்சியின் அட்டையைச் சுவரில் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய அட்டைகளிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.